மாமன் வீட்டுக் கண்ணாடி அலமாரி

முசோங்காவைப் பார்த்தால் பெரிய மனுஷன் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஜிம்பாப்வேக்காரர்கள் கூடும் தேவாலயத்தில் முதல் வரிசை, கழுத்தை நெரிக்கும் டை, ஊரே கேட்கும் ஜெபம். செய்வதென்னவோ ஆள் பிடிக்கிற வேலை. ஊரிலிருந்து பெண்களுக்குத் தன் கம்பெனி பெயரில் விசா வாங்கிக் கூட்டிவந்து, நடக்க முடியாத முதியவர்களைக் குளிப்பாட்ட வீடு வீடாக அனுப்புவான்.

ஊரில், ஹராரே நகரில், ஷுவாய் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்த அன்று அவள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்கவில்லை. "உங்கம்மா என்ன குலம்?" என்று கேட்டான். வரிக்குதிரைக் குலம் என்றாள்.

"அட, நானும் வரிக்குதிரைதான். அப்ப நான் உனக்குத் தாய்மாமன்டி!"

அவர்களுடைய ஷோனா சனத்துக்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். தாயின் குலத்தில் பிறந்த ஆண் எவனும் மாமன்தான். அவள் முழங்கால் மடித்து, உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டி வணங்கினாள். இங்கே வந்து இறங்கியதும், "பத்திரமா இருக்கட்டும், மாமன்கிட்ட குடு" என்றான். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாள். வேறு எந்த நாட்டுக்காரியாவது கொடுத்திருப்பாளா?

அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை தந்தான். மற்ற நாள்களில் அவன் வீட்டைக் கூட்டி, அவன் சட்டையைத் தேய்க்க வேண்டும். சம்பளம் கேட்டால், "மாமன் வீட்டு வேலைக்குக் கூலியா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வான். நடிப்புக்காரன்.

பிறகு அரசாங்கம் சட்டத்தை மாற்றியது. இந்த வேலைக்கு இனி வெளிநாட்டிலிருந்து ஆள் கூட்டிவர முடியாது. ஏற்கெனவே இங்கே இருப்பவர்களைத்தான் எடுக்க வேண்டும். நேற்றுவரை ஏறெடுத்தும் பார்க்காத முதியோர் இல்லங்கள் இப்போது வலைவீசி ஆள் தேடின. ஓர் இல்லம் ஷுவாயை முழுநேர வேலைக்கு எடுத்து, விசாவையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் காட்டாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

முசோங்காவுக்கோ, ஒருத்தி போனால் ஊரிலிருந்து இன்னொருத்தியைக் கொண்டுவர வழியில்லை. கேட்டபோதெல்லாம் "தேடிப் பாக்கறேன்" என்றான். தேட என்ன இருக்கிறது? அவன் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், பீங்கான் தட்டுகளுக்குக் கீழே பூட்டிய இழுப்பறையில் கிடந்தது. அந்த அலமாரிக்குத் தூசி தட்டுகிறவளே அவள்தான்.

ஞாயிறு அவன் வீட்டில் விருந்து. கூடம் நிறைய அவன் குலத்து ஆட்கள். சோளமாவுக் களியும் சுட்ட ஆட்டுக்காலும் மணந்தன. ஷுவாய் எல்லார் முன்னிலையிலும் மண்டியிட்டாள்.

"மாமா, என் பாஸ்போர்ட்டு."

"பாத்தீங்களா?" முசோங்கா கூட்டத்தைப் பார்த்துக் குரல் தழுதழுக்கக் கேட்டான். "கூடப்பொறந்தவ பெத்த பொண்ணாட்டம் வச்சிருந்தேன். மாமனை விட்டுட்டு எவன்கிட்டயோ போறாளாம்!"

"நீங்க எனக்கு நெசமாவே மாமன்தானே?"

"இதென்னடி கேள்வி? ரத்தம்டி, ரத்தம்!"

முட்டாள், தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஷோனா வழக்கப்படி, மாமன் வீட்டில் மருமகள் கைவைத்த பொருள் அவளுடையது. எதை எடுத்தாலும் மாமன் சிரிக்கத்தான் வேண்டும். முகம் சுளித்தால் குலமே காறித் துப்பும். ஷுவாய் எழுந்தாள். மேசையில் கிடந்த அவன் சாவிக்கொத்தை எடுத்து இழுப்பறையைத் திறந்தாள்.

"ஏய், ஏய்!" என்று துள்ளினான் முசோங்கா.

"உக்காருய்யா," என்று அவன் பங்காளி ஒருவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "மருமக எடுக்கறா, உனக்கென்ன? அந்த ஆட்டுக்காலையும் எடுத்துக்கம்மா!"

கூடமே கைதட்டியது. முசோங்காவும் பல்லைக் காட்டினான், வேறென்ன செய்வான்? ஷுவாய் பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டாள். ஆட்டுக்காலையும் விடவில்லை. இழுப்பறையை மட்டும் மூடாமல், சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அடிப் பொண்ணுங்களா, உங்களுதும் இங்கதான் கெடக்கு!"

அவன் கூட்டிவந்த மற்றப் பெண்கள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள், ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்கள். அவர்களிடமும் ஏதோ ஒரு வழியில் மாமன் முறை சொல்லித்தான் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தான்.

"எங்களுக்கும் நீங்க மாமன்தானே?" என்று கேட்டாள் முன்னால் வந்தவள்.

குலம் மொத்தமும் அவன் வாயையே பார்த்தது. முசோங்கா டையைத் தளர்த்திக்கொண்டு, காட்டிய பல்லோடு தலையாட்டினான்.