வார்டுக்குப் போன ஆர்மோனியப் பெட்டி

இசையால் நோய் ஆறும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறவனுக்கு முதலில் வருவது தலைவலி. அதற்கு எந்த ராகமும் கேட்பதில்லை. எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்காமல், ஏதோ ஒரு பத்திரிகையில் இசை வைத்தியம் பற்றிப் படித்துத் தொலைத்தேன். ஆர்மோனியப் பெட்டியைக் கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்னால் ரப்பர் டியூப் போட்டுக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். நல்லது சொல்லப் போய் நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதல் குணம்

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், கோயில் மண்டபத்தில் பேசினேன். நாடி, நரம்பு, நாதம் என்று வெளுத்து வாங்கினேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஆகா, ரசிகர் என்று அவரைப் பார்த்தே முழுப் பேச்சையும் பேசினேன். பாட ஆரம்பித்ததும் திடுக்கிட்டு விழித்தார்.

கூட்டம் கலைந்ததும் நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நாளா தூக்கமே இல்ல மாஸ்டர். இன்னிக்குத்தான் நல்லா தூங்குனேன். பாட்டெல்லாம் வேணாம், உங்க பேச்சே போதும்லா.”

உயிரோடு இருப்பவர்கள்

ஈப்போ ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் வாசிக்க அனுமதி வாங்கினேன். அங்கேதான் அஞ்சலையைப் பார்த்தேன். சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பாள், வெறும் காற்றுதான் வரும். உடனே கண் கலங்கிவிடும். புருஷன் முனியாண்டி லகாட்டில் ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை செய்தான். வேலை முடிந்து சேறு காயாத காலோடு வந்து கட்டிலருகே நிற்பான். “ஒரு வார்த்தை பேசுனா போதும்ணே. என்னைய ஏசுனாக்கூட பரவால்ல” என்றான். அதைக் கேட்டு என் நெஞ்சு பாகாய் உருகியது. பேச வைத்தே தீர்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மனத்தை அமைதிப்படுத்த வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. சோகமான ராகமாகப் பார்த்து, பக்திப் பாட்டு ஒன்றைக் கட்டிலருகே உட்கார்ந்து மெதுவாக இழுத்தேன். நம்மவர்களிடையே கட்டிலருகே அப்படி இழுத்துப் பாடுவது எந்தச் சமயத்தில் என்பது எனக்கு மட்டும் மறந்து போய்விட்டது. தோட்டத்திலிருந்து வந்த அஞ்சலையின் சின்னம்மா, பாட்டைக் கேட்டதுமே வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். பக்கத்துக் கட்டில்களிலும் அழுகை கிளம்பிற்று. யார் போனது என்று அஞ்சலையே தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

வார்டு நர்ஸான தமிழ் மிஸ்ஸி ஓடி வந்து என் பெட்டியை மூடினார். “இங்க எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க மாஸ்டர். நீங்க வந்தாதான் சந்தேகம் வருது.”

ஒரு பாராட்டு

மானம் ரோஷம் பார்த்தால் தொழில் நடக்குமா? மறுபடியும் போனேன், இந்த முறை துள்ளலான பாட்டோடு. அஞ்சலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆனால் எதிர்க்கட்டில் சீனத்து அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், கந்தோனீசில் நீளமாக என்னவோ சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று மிஸ்ஸியைக் கேட்டேன். “பாகூஸ், ரொம்ப நல்லா இருக்காம் மாஸ்டர். நாளைக்குப் பக்கத்து வார்டுல போய் வாசிக்கணுமாம்.”

பெட்டி கிழிந்த கதை

அஞ்சலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் விடவில்லை, தோட்டத்துக்கே போனேன். செம்மண் சாலையின் பள்ளம் ஒன்றில் கப்சாய் குதிக்க, டியூப் அறுந்து பெட்டி விழுந்தது. துருத்தி கிழிந்தது தெரியாமல், கூடியிருந்த பெண்கள் முன்னால் பெருமையாகத் திறந்து வைத்தேன். ஆஸ்துமாக்காரன் போல் இழுத்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

வந்ததற்குக் கும்மியாவது அடிப்போம் என்று ஒருத்தி எழுந்தாள். எல்லாரும் அஞ்சலையோடு மரம் வெட்டியவர்கள், மாரியம்மன் திருவிழாவில் அவள் தலைமையில் கும்மியடித்தவர்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். தலைமை தாங்கிப் பாடுகிறவள் அங்கே இருக்கும்போது, முதல் வரியை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். இவர்களும் எடுக்கவில்லை. கையை மட்டும் தட்டிக்கொண்டு பாயில் இருந்தவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், காத்திருந்தார்கள்.

அஞ்சலையின் இடது கை தொடையில் தாளம் போட்டது. பிறகு வாய் திறந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாதவள், ஆத்தாளை ஊருக்குள் அழைக்கும் அந்த முதல் வரியை, ஒரு சொல் விடாமல் பாடினாள். முனியாண்டி கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். நானும்தான் அழுதேன். கும்மியைத் தொடங்கிய பெண் என் பக்கம் திரும்பினாள். “பெட்டி ஒடைஞ்சது நல்லதாப் போச்சு மாஸ்டர். தயவு செஞ்சு சரி பண்ணிராதீங்க.”

கும்மி மெட்டில் குடும்பம்

ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஓடினேன். பேச்சு அடைபட்ட சிலருக்குப் பாட்டின் வழியாகச் சொல் வருவது உண்டு, எல்லாருக்கும் வராது, வருகிறவர்களை விடாமல் பழக்குங்கள் என்றார். அதன்படி, எதைக் கேட்டாலும் கும்மி மெட்டில் கேட்கும்படி முனியாண்டியிடம் சொன்னேன். கழுதைக் குரல் அவனுக்கு. ஆனாலும் தேத்தண்ணி வேணுமா, தலை வாரவா என்று பாடிப் பாடியே கேட்டான். முதலில் ஒரு சொல் பாடினாள், பிறகு இரண்டு.

கொஞ்ச காலம் கழித்து, ஈப்போவில் ஒரு கூட்டத்துக்கு அஞ்சலையை அழைத்துப் போய் மேடையேற்ற ஆசைப்பட்டுப் போனேன். அவர்கள் வீட்டு வாசலிலேயே அஞ்சலையின் பாட்டுக் கேட்டது.

“சோறு கருகுது சோம்பேறி – அங்கே
சும்மா குந்தி என்ன பாக்குறே!”

கருகும் வாசனை எனக்கே வந்தது. முனியாண்டி படியில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்து போய் அடுப்பைப் பாரேன் என்றேன். சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினான். “முன்ன வாயால ஏசுவா, காதுலயே வாங்க மாட்டேன்ணே. இப்பப் பாட்டா ஏசுறா. முடியட்டும், முழுசாக் கேட்டுட்டு வாரேன்லா.”

இசையால் நோய் ஆறுமா என்று யாராவது கேட்டால், நிச்சயம் ஆறும், நான் மட்டும் வாசிக்காமல் இருந்தால் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.