அப்பாவின் கைகள் நிறைந்த அறை

அப்பா வலது கையால் யாருக்கும் எதையும் நீட்டியதில்லை. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் எங்கள் ஹார்டுவேர் கடை. ஆணியோ தாழ்ப்பாளோ, இடது கையால் எடுத்துப் பலகை மேல் வைத்து, வாங்க வந்தவர் பக்கம் மெல்லத் தள்ளிவிடுவார். வலது கை மடியில், துண்டுக்கு அடியில் கிடக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கி, இழுத்தாலும் விரியாத கை அது. துண்டு நழுவும்போது மட்டும் பார்த்திருக்கிறேன். "இன்னா நைனா, பீச்சாங்கையால குடுக்கிற?" என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் கோபிக்க மாட்டார்கள். பம்மலிலிருந்து வரும் பெயிண்டர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "தம்பி, நீ எட்த்துக் குடு. நைனா குந்திக்கினு இருக்கட்டும்" என்பார். அந்தச் சிரிப்பு பீச்சாங்கைக் கோபத்தைவிட மோசமானது என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் யாரும் அதற்குப் பெயர் சொன்னதில்லை. வெளியில் சொன்னார்கள்: பெருவியாதி, அதாவது தொழுநோய். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்பாவின் துண்டு விலகியபோது அந்தக் கையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். காபி ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தொடாமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அப்பா தனித் தட்டு வைத்துக்கொண்டார், கடையிலேயே படுத்தார். யாரும் அவரை அனுப்பவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் மட்டும் அவர் போகவே இல்லை. ஆஸ்பத்திரி வரிசையில் தன்னைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார் என்ற பயம்.

அப்பா இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், என் வலது உள்ளங்கையில் மோதிர விரலுக்கு நேர் கீழே ஒரு சின்னக் கட்டி வந்தது. நாளடைவில் அது தோலுக்கடியில் சணல் கயிறு போல நீண்டு, விரலை உள்ளே இழுக்க ஆரம்பித்தது. கேளம்பாக்கம் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் மகளுக்கு அப்போதுதான் ஒரு நல்ல இடத்தில் பேச்சு தொடங்கியிருந்தது. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியபடி, "இன்னா சார், வெரலு மடங்கிக்கினே கீது? உள்ளாற சாவி எதுனா வச்சிக்கினியா?" என்றார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையைப் பாக்கெட்டுக்குள் விட்டேன். அந்த அசைவு என்னுடையதல்ல, அப்பாவுடையது.

தாம்பரத்தில் பார்த்த டாக்டர் கையை அழுத்திப் பார்த்துவிட்டு, தோலுக்கடியில் இருக்கும் சவ்வு தடித்துச் சுருங்கும் கோளாறு இது, நம் ஊரில் அபூர்வம் என்றார். உள்ளங்கையைக் கீறி அறுவை சிகிச்சை செய்யலாம். பல வாரம் கட்டு இருக்கும். "பரம்பரையா வரும் சார். உங்க அப்பாவுக்கு இருந்துதா?"

"இல்ல டாக்டர்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

என் பயம் கத்தியைப் பற்றியதல்ல. கட்டோடு நான் நடமாடினால் மாப்பிள்ளை வீட்டார் என்னவென்று கேட்பார்கள். பழைய ஊர்க்காரர் யாராவது 'அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான்' என்று பதில் சொல்வார். ஜெர்மனியில் இருக்கும் மச்சானிடம் சொன்னபோது, அங்கே ஊசியாலேயே அந்தக் கயிற்றைக் குத்தி அறுத்துவிடுகிறார்கள், தையல் கிடையாது, சில நாளில் தடம்கூட மறைந்துவிடும் என்றான். எனக்கு வேண்டியது அதுதான். உறவினர்களிடம் மச்சான் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றோம். மனைவி பெட்டியைக் கட்டும்போது, "ஒலகமே வைத்தியத்துக்கு மெட்ராஸுக்கு வருது, நீங்க மட்டும் எதிர்ப்பக்கம் போங்க. அந்தக் குளிர்ல மிச்ச வெரலும் மடங்கிக்கப் போகுது" என்றாள். தெரிந்தவர் இருக்கும் வரிசைக்குப் பயந்து அப்பா எங்கும் போகவில்லை. தெரிந்தவர் இல்லாத வரிசையைத் தேடி நான் கடல் தாண்டினேன்.

மச்சான் இருந்த சிறு நகரத்தில், இந்தக் கைச் சிகிச்சைக்கான மருத்துவமனையின் காத்திருப்பு அறைக் கதவைத் திறந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே வரிசையாகக் கிழவர்கள். ஒவ்வொருவரிடமும் அப்பாவின் கை. அதே இரண்டு விரல்கள், அதே மடிப்பு. ஒருவர் அந்தக் கையால் காபிக் கோப்பையைப் பிடித்திருந்தார். ஒருவர் பேரக் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். இருவர் கைகளை அருகருகே வைத்து, யாருடையது அதிகம் மடங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுச் சத்தமாகச் சிரித்தார்கள். ஒருவர் மடியிலும் துண்டு இல்லை. என்னைப் பார்த்த ஒருவர் தன் கையைத் தூக்கிக் காட்டி, உன்னுடையதைக் காட்டு என்று சைகை செய்தார். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

டாக்டர் அம்மா என் கையை மரத்துப்போகச் செய்யும் முன், விரல் நுனிகளில் மெல்லத் தொட்டுத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று கேட்டார். என் அப்பாவுக்கு இருந்தது இதுவா, பெருவியாதியா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: அந்த நோயில் விரல் இப்படி மடங்கும் முன்பே உணர்வு போயிருக்கும். அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு மழைநாளில் கொதிக்கும் டீ சிந்தி அந்த மடங்கிய விரல்கள் மேல் பட்டதும் அப்பா அலறிக் கையை உதறியதும், வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்ததும். அவருக்கு எல்லாம் சுட்டது. அந்த நோயாகவே இருந்திருந்தாலும் மருந்து இருந்தது, ஒதுங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவருக்கு இருந்தது அந்த நோயும் இல்லை. என் கண்ணீரைப் பார்த்து, வலிக்கிறதா என்று அவர் ஊசியை நிறுத்தினார். இல்லை என்றேன். உள்ளே கயிறு 'டப்'பென்று அறுந்தது. விரல் நிமிர்ந்தது.

இந்தக் கோளாறு திரும்ப வரலாம், பிள்ளைகளுக்கும் வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் மாலை, மகள் மருதாணி கழுவிய கையை நீட்டிக்கொண்டு வந்தாள். "எப்படிப்பா செவந்திருக்கு?" நான் அந்தச் சிவப்பைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக் கட்டைவிரலால் மோதிர விரலின் அடியை அழுத்தி அழுத்தித் தேடினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி தேடினேன்.

"என்னப்பா, ரேகை பாக்கறீங்களா? கல்யாணம் உண்டுன்னு போட்டிருக்கா?"

உட்காரச் சொன்னேன். துண்டு, தனித் தட்டு, அக்கா, ஜெர்மனி, அவளுக்கும் வரலாம் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இத மறைக்கவா அவ்ளோ தூரம் போனீங்க? இன்னிக்கே நான் அவர்கிட்ட ஃபோன்ல சொல்லிடறேன். வேணாம்னா போகட்டும்."

நான் தடுக்கவில்லை. எழுந்து போனவள் கதவருகே நின்றாள்.

"தாத்தா உங்களத் தூக்கினதே இல்லையாப்பா? ஒரு தடவகூட?"

யோசித்துப் பார்க்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.