புதுப் பம்பரும் புளி உருண்டையும்

பம்பர் வந்த பார்சலைப் பிரித்ததுமே அத்தை கையில் புளி உருண்டையோடு வந்து நின்றாள். அந்த வாசனை வந்ததும் பம்பரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அக்கா கல்யாணத்தின்போது எனக்கு எட்டு வயதிருக்கும். அதற்காக எங்கள் பழைய மோரிஸ் மைனர் காருக்கு, பழைய பம்பரின் அச்சிலேயே செய்த புதுப் பம்பரை அப்பா வாங்கிப் பூட்டியிருந்தார். மாப்பிள்ளை அழைப்பன்று மத்தியானம் அத்தை அதைக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளியும் நாரும் போட்டுத் தேய்த்துவிட்டாள். முலாம் உரிந்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பு தெரிந்தது.

“அக்கா, என்னத்தச் செஞ்சிட்டிய?” என்று அத்தையிடம் கத்தினார் அப்பா.

“பழச வருசாவருசம் இப்படித்தாம்ல வெளக்குதேன்!”

அவசரமாகப் பூமாலையைக் கட்டி மறைத்தார்கள். எதிலும் குற்றம் பார்க்கும் நாங்குநேரிச் சம்பந்தி காரைச் சுற்றி வந்தார், குனிந்தார், மாலையை விலக்கக் கை நீட்டினார்.

“தொடாதீய அண்ணாச்சி! சாமிக்குப் போட்டு எடுத்த மாலை,” என்றாள் அத்தை. நீண்ட கை கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நாளை என்னைக் கட்டப்போகிறவருக்கு மாப்பிள்ளை அழைப்பு. அதே கார், இதோ இன்னொரு புதுப் பம்பர். ஓரத்தில் நானே புளியைத் தேய்த்துக் கழுவினேன். செம்பு தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது.

“ஏட்டி, இது தாங்கும்,” என்றாள் அத்தை. “எதுக்கும் மாலையக் கட்டியே வையி.”