எழக்கூடாத பிணம்

ஒரோஸ்பாய் செத்துக்கொண்டிருந்தார். தலை சாய்ந்தது, கண் பாதி மூடியது, மூச்சு நின்றது. கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்திலிருந்து ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

"எப்படி?" என்று ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"தாடை இன்னும் தொங்கணும்," என்றாள் மனைவி கலிப்பா, மாவுருண்டைகளை எண்ணெயில் போட்டபடி. "உசுரோட இருக்கையில மூடாத வாயி, செத்தா மட்டும் ஏன் மூடிக்குது?"

எங்கள் ஊரான காரா-பால்தாவில் வேன் ஓட்டுகிறவர். எங்கள் ஊரில் எடுக்கும் பேய்ப் படங்களில் பிணம் எப்போதும் அவர்தான். மற்றவர்கள் அப்படிப் படுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஒதுங்குவார்கள். இவர் ஒரு தலையணை மட்டும் கேட்பார். ஒருமுறை மூக்கின் மேல் குளவி ஊர்ந்தும் அசையவில்லை. "டைரக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் பொணம் எந்திரிக்கக் கூடாது. அதான் மரியாதை."

அந்த வைராக்கியம் வீட்டு விஷயத்திலும் உண்டு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஷர்ஷென் வீடு. அப்பாவின் குதிரையை விற்ற சண்டையில் வருடக்கணக்காகப் பேச்சில்லை. "அவரா வரட்டும்," என்பார். ஆனால் தினமும் அந்தக் கதவைப் பார்த்துவிட்டுத்தான் வேனை எடுப்பார்.

இப்போதைய படத்தில் ஒரு டாக்டர் செத்தவர்களுக்கு மின்சாரம் பாய்ச்சி உயிர் கொடுக்கிறார். ஆய்வுக்கூடம் பிடிக்கக் காசில்லை. இயக்குநர் ஆய்ஜரிக், ஒரோஸ்பாயின் முற்றத்திலேயே கம்பளிக் கூடாரம் போட்டுவிட்டாள். உள்ளே ஒரு பலகை, கார் பேட்டரி. அவர் தலையைச் சுற்றி ஒயர்கள், முகத்திலும் கையிலும் நீலச் சாயம்.

பனிக்காலத்தில் முற்றத்தில் கூடாரம் எழுந்தால், அந்த வீட்டில் சாவு என்று பொருள். அதனால் தெருக்காரர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். பேச்சில்லாத அண்ணனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கேமரா ஓடத் தொடங்கியதும் தெருவில் ஒரு கதறல்.

"என் தம்பீ! கூடப் பொறந்தவனே! உங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம விட்டுட்டேனே!"

சாவு வீட்டுக்கு வரும் ஆண்கள் தொலைவிலிருந்தே கதறிக்கொண்டு வந்து, கூடாரத்துக்கு வெளியே நின்று அழுவதுதான் எங்கள் முறை. ஷர்ஷென் வெளியே நிற்கவில்லை. உள்ளே பாய்ந்து, நீல முகத்தைப் பார்த்து, ஒயர்களோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"குதிரை போனாப் போகுதுடா! நீ எந்திரிடா!"

ஆய்ஜரிக் கேமராவை நிறுத்தவில்லை. 'போதும்' என்று அவள் சொல்லவில்லை.

குளவிக்கும் அசையாதவரின் மூடிய கண்ணோரம் சாயம் கரைந்து, காதை நோக்கி வழிந்தது. பிறகு ஒரு நீலக் கை மெல்ல எழுந்தது. நெஞ்சின் மேல் விழுந்து கிடந்த அண்ணனின் தொப்பியைத் தடவி எடுத்து, அவர் தலையிலேயே மறுபடி வைத்தது.