மூன்று நாள் இருமிய பிக்கப்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வண்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அவர் காதுக்காரர். ஓடுகிற இன்ஜின் மேல் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். முப்பத்தைந்து வருடமாக அதுதான் பிழைப்பு. அதற்கு ஒரு சட்டமும் உண்டு. அவர் இடது கையைத் தூக்கிவிட்டால் பட்டறையில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்த ஆளை ஒருமுறை தெருவில் போய்த் தும்மிவிட்டு வரச் சொன்னவர். கொஞ்சம் கர்வம்தான். வேலை தெரிந்த மனிதர் என்று எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் செடிக்காரம்மாவின் பழைய பிக்கப் மூன்று நாளாகப் படுத்தியெடுத்தது.

அந்த அம்மாள் பூச்செடியும் மரக்கன்றும் வளர்த்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். வண்டிக்கு வயது இருபத்தெட்டு. காலையில் சாவியைத் திருப்பினால் ஏழெட்டுத் தடவை முக்கி முனகித்தான் ஸ்டார்ட் ஆகும். ஆன பிறகும் நின்ற இடத்தில் உடம்பெல்லாம் உதறும், இருமும், பொசுக்கென்று அணைந்துபோகும். ஆக்சிலேட்டரை மிதித்துச் சாலையில் விட்டால் மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி யோக்கியமாக ஓடும்.

முதல் நாள் பேட்டரியைப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. பிளக்குகளைக் கழற்றினார். நான்கின் முனைகளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அதற்கு அர்த்தம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஒன்று, பெட்ரோல் குறைவாகப் போகிறது. இல்லையென்றால், போகக் கூடாத வழியில் காற்று நுழைகிறது. ஏதாவது ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அந்த ஓட்டை வழியாக இன்ஜின் காற்றை உறிஞ்சும். 'உஸ்' என்று சத்தம் வரும். கையைத் தூக்கினார். வண்டியோடு வந்து நின்ற செடிக்காரம்மா உட்படப் பட்டறையே அடங்கியது. குனிந்து ஒரு நிமிடம் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அப்படியானால் பெட்ரோல்தான் என்று முடிவு கட்டினார்.

பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். பம்ப்பைச் சோதித்தார், பாட்டிலில் பெட்ரோல் பீறிட்டு அடித்தது. கார்புரேட்டரைப் பிரித்து, துளை துளையாக ஊதிச் சுத்தம் செய்து மாட்டினார். வண்டி இருமியது. இரண்டாம் நாள் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலை மாற்றினார், டைமிங்கைப் பார்த்தார், நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்தார். எல்லாமே சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிற வண்டி எதற்காக இப்படி உதறுகிறது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கார்புரேட்டரை மறுபடி பிரித்து மேசையில் பரப்பிய பிறகுதான், அதில் என்ன பார்க்க நினைத்தோம் என்பதே அவருக்கு மறந்துபோனது தெரிந்தது.

அங்கேதான் பயம் பிடித்தது. அவருடைய அண்ணன் அறுபது வயதில் ஞாபகம் பிசகி, சொந்த வீட்டுக்கே வழி கேட்டு நின்றவர். இவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. குடும்பத்து வியாதி நமக்கும் வந்துவிட்டதா, மண்டையில் இருந்ததெல்லாம் கழன்றுகொண்டிருக்கிறதா என்று உள்ளுக்குள் உதறல் எடுத்தது. மூன்றாம் நாள் மதியத்துக்குள் கோளாறு பிடிபடாவிட்டால் பட்டறையை மூடிவிடுவது என்று தனக்குள் தீர்மானித்துக்கொண்டார். புத்தி பிசகிய கையை அடுத்தவர் வண்டியின் பிரேக்கில் வைக்க அவருக்கு மனம் வராது.

மூன்றாம் நாள் மதியமும் வந்தது. இன்ஜின் தன் பாட்டுக்கு உதறிக்கொண்டிருக்க, அவர் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை தூக்கியிருக்கவில்லை. செடிக்காரம்மா வாசலில் நின்றிருந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உள்ளே வந்த மனைவி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"யாருங்க டயர்ல காத்த இறக்கிவிடுறது?" என்று உரக்கக் கேட்டாள்.

எந்த டயர் என்று அவர் நிமிர்ந்தார். அதற்குள் செடிக்காரம்மா, அது டயர் இல்லை, அந்த 'உஸ்' மூன்று நாளாக வண்டிக்குள்ளிருந்துதான் வருகிறது என்றார்.

காதுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "ஏம்மா, இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கையத் தூக்கிட்டு நின்னீங்கண்ணே. ஒங்களுக்குக் கேக்காததா எனக்குக் கேட்டுடப் போவுதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

மனைவி பாத்திரத்தை வைத்துவிட்டு இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்தாள். கார்புரேட்டருக்குப் பின்னால், ஒரு சின்ன ரப்பர் குழாய் வளைகிற இடத்தைக் காட்டினாள். அவர் அங்கே விரலை விட்டார். குழாயின் அடிப்பக்கத்தில் வெடிப்பு. அது விரலை உள்ளே இழுத்தது. அழுத்தி மூடினார். உதறல் சட்டென்று நின்று வண்டி சீராக ஓடியது. விரலை எடுத்தார், உதறியது. வெடிப்புக்கு ஒரு சாண் தூரத்தில் காதைக் கொண்டுபோனார். இன்ஜினின் தடதடப்பு கேட்டது, பெல்ட் ஓடுவது கேட்டது. அந்த மெல்லிய 'உஸ்' மட்டும் கேட்கவில்லை. இடது காதைத் திருப்பி வைத்துப் பார்த்தார், அதிலும் கேட்கவில்லை.

புதுக் குழாய் மாட்டப் பத்து நிமிடம் ஆனது. வண்டி முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிப் போய்விட்டது. புத்தி போகவில்லை என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. காது போய்விட்டது, காதுக்காரருக்கு. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டார். "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையாட்டினாள். இரண்டு விரலைக் காட்டி, வருஷம் என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவள் தட்டில் சோற்றைப் போட்டாள். "சொன்னேங்க. பக்கத்துல உக்காந்துதான் சொன்னேன், ரெண்டு மூணு தடவ. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சு அப்புறம் எதையும் சொல்றத விட்டுட்டேன்."

இதையும் அவள் மெதுவாகத்தான் சொன்னாள், பாதிதான் அவர் காதில் விழுந்தது. அவர் பெட்டியை அவளுக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.