என் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை

சபையார் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். என் பெயர் பாக்கியநாதன். இந்தப் பெயரை வாயால் சொல்ல முடியாமல் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

1954-இல் நாகர்கோவிலில் கல்லூரிக் கடைசி வருடம், ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். சிறு வயது முதல் எனக்குத் திக்குவாய். அப்பா இல்லை. அம்மா வயலில் நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்கவைத்தாள். அந்த வருடம் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து, ஹாலில் மேஜை போட்டு உட்கார்ந்து, பேசிப் பார்த்து ஆள் எடுத்தார்கள்.

முதல் தடவை தேயிலைத் தோட்டத்து மேஜை.

“பேரென்ன?”

“பா... பா...”

“பாலையாவா? பாஸ்கரனா?” என்றார் அதிகாரி. கொஞ்சம் பார்த்துவிட்டு, “சரி, அடுத்த ஆள் வரட்டும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாம் தடவை இன்சூரன்ஸ். அவர் என் மார்க்கைக்கூடப் பார்க்கவில்லை. “பேசத் தெரிஞ்ச ஆள்தான் எங்களுக்கு வேணும், தம்பி.” எனக்குப் பேசத் தெரியும். நேரம்தான் வேண்டும். அதைச் சொல்வதற்கும் நேரம் வேண்டுமே!

என்னோடு படித்த தங்கராஜ், “ஏலே, பேர ஒரு தாளுல எழுதிக் குடுத்துரு” என்றான். அவன்மேலும் எரிச்சல் வந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா, “என்ன மக்கா, எடுத்தாவளா?” என்று கேட்பாள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அன்று பஸ்ஸுக்குப் போகிற வழியில் கோயிலுக்குள் நுழைந்தேன். நாக்கைச் சரியாக்கும் என்று மூன்று வருடமாகக் கேட்டு வந்தவன், அன்று சண்டைதான் போட்டேன். மனதுக்குள் பேசும்போது எனக்குத் திக்காது.

“ஆண்டவரே, கேட்டுக் கேட்டு எனக்கு மடுத்துப் போச்சு, சலிச்சுப் போச்சு. நாக்க சரியாக்க மனசில்லேன்னா வேற என்னவாவது செய்யும். சும்மா மட்டும் இருக்காதேயும்.”

ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.

மார்ச் மாதம் மூன்றாம் தடவை வந்தார்கள். நான் போக மாட்டேன் என்றேன். தங்கராஜ்தான் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய், கடற்கரை மணலிலிருந்து தாது பிரிக்கும் கம்பெனியின் மேஜைமுன் நிறுத்தினான். அங்கே கண்ணாடி போட்ட ஒரு வயதான கெமிஸ்ட் இருந்தார். பெயர் கேட்டார். வழக்கம்போல முதல் எழுத்திலேயே நின்றுபோனேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். எந்தப் பெயரையும் எடுத்துக் கொடுக்கவில்லை. “பைய சொல்லும். நான் எங்கயும் போகல்ல” என்றார்.

சொன்னேன். முழுப் பெயரையும் சொன்னேன்.

பிறகு, மணலில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர் என்று கேட்டார். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பின்னால் முணுமுணுத்தார்கள். அவர் தலையை நிமிர்த்தி, “அவரு முடிக்கட்டும்” என்றார்.

மே மாதம் வேலையில் சேர்ந்தேன். வேலைக்கு எடுத்ததாக வந்த கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மா அழுதாள். நான் கோயிலுக்குப் போய், அன்று விட்டுப்போன ஆமெனைச் சொன்னேன்.

திக்குவாய் இன்றும் போகவில்லை. நான் கேட்டது வேறு, ஆண்டவர் தந்தது வேறு. ஆனாலும் பெயர் கேட்கிறவர்களைக் கண்டு இப்போது நான் ஒளிவதில்லை. ஜெபித்து ஜெபித்துச் சலித்துப்போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்தச் சலிப்போடேயே போய்ப் பேசுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்பார்.