அக்காவின் மூக்கும் எங்கள் எலிகளும்

காய்ச்சல் விட்ட பிறகும் அக்காவுக்கு வாசனை திரும்பவில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஹோட்டலில் அவள்தான் சமையல். ஒருநாள் அடிப்பிடித்தது தெரியாமலே சாம்பாரைப் பரிமாற அனுப்பிவிட்டாள். முதலாளி திட்டவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு சேச்சி" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றாள் அக்கா.

எனக்குக் களமசேரியில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. மணத்தை உணரும் நரம்புச் செல்கள் அழிந்தால் புதியவை எப்படிப் பிறக்கின்றன என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. எலியின் மூக்கில் இருக்கும் அந்தச் செல்களை மருந்து கொடுத்து அழிப்போம். அடியில் இருக்கும் மூலச் செல்கள் புதியவற்றை உண்டாக்குவதை வாரக்கணக்கில் பார்ப்போம். பார்ப்பது என்றால், உறைய வைத்த திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, இருட்டறையில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்திருப்பது. பல சீவல்கள் கிழிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. மெட்ரோவும் படகும் மாறி வீடு சேரும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது.

"உன் எலிக்கெல்லாம் வாசனை திரும்ப வருமா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"வரும். ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும்."

"அப்ப எனக்கு ஏன் வரல்லை?"

"மனுஷங்களுக்கு எப்படின்னு முழுசாத் தெரியாதுக்கா."

"பின்னே தினமும் எதுக்கு அங்க போறே?"

கோபமாகக் கேட்கவில்லை. எழுந்துபோய்ச் சோற்றைச் சூடாக்கினேன்.

கிராம்பு, எலுமிச்சை என்று சிலவற்றைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். அக்கா விடாமல் செய்தாள். மாதங்கள் போயின. "ஒண்ணுமில்லை" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

பிறகு ஒரு காலையில் கிளாஸைத் தள்ளிவைத்தாள். "எடி, இந்தச் சாயாவிலயும் என்ன நாத்தம்? டயர் எரியற மாதிரி."

என் சாயா நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுச் செல்கள் முளைத்து மூளைக்கு இழை அனுப்புகின்றன, சில இழைகள் இடம் மாறிப் போய்ச் சேர்ந்திருக்கலாம், அதனால்தான் இந்த நாற்றம், இது நல்ல அடையாளம் என்று படபடவெனச் சொன்னேன்.

"நல்ல அடையாளமா?" அக்கா என்னைப் பார்த்தாள். "வெங்காயம் வதக்கினா சாக்கடை நாறுது. ரெண்டு நாளா வெறும் வெள்ளந்தான் குடிக்கறேன். நீ சிரிக்கறே."

ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. அன்று லீவு சொன்னேன். சூடான எதுவும் அவளுக்கு ஆகவில்லை. ஆறிய சோற்றில் தயிர் பிசைந்து கொடுத்தேன். மெதுவாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஆராய்ச்சியாளரிடம் இதைச் சொன்னேன். பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். எலிக்கூண்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "செல் முளைச்சுதான்னு நாம எண்ணிப் பாக்கறோம். எதை முகர்ந்தா எப்படி இருக்குன்னு அதுகள் சொல்லப் போறதா என்ன?" நான் அடுத்த கூண்டை எடுத்துக் கொடுத்தேன். வேலை கிடந்தது.

அக்காவுக்குப் பாதிதான் திரும்பியது. இப்போது மறுபடி ஹோட்டலுக்குப் போகிறாள். தாளிப்பை முகர்ந்து சொல்ல அங்கே ஒரு சேட்டன் கூட நிற்கிறார். சாயங்காலம் வந்ததும் இருவரும் விளக்குப் போடாமல் ஃபேனுக்கடியில் கொஞ்ச நேரம் படுத்துக்கிடப்போம். யார் முதலில் எழுந்து அரிசி களைவது என்பதுதான் பேச்சு.